ஏரிக்குள் பாடிய வேன்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி அந்தப் பாட்டைப் போட்டிருந்தாள். 'நம்ம காலத்துப் பாட்டு, இப்ப கேட்டாலும் புல்லரிக்குது' என்று கீழே எழுதியிருந்தாள். நீங்கள் எல்லோரும் வரிசையாக இதயம் போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. 'உனுக்குப் புடிக்காதா?' என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள். பிடிக்கும் பிடிக்காது என்பதற்குள் அடங்குகிற பாட்டில்லை அது எனக்கு. நமக்கெல்லாம் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று இனியாவது சொல்லலாம்.

பாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: முதலில் வாத்தியமே இல்லாமல் ஒரு பெண் குரல் மட்டும் முனகும். அப்புறம் எங்கோ தொலைவில் யாரோ விசிலடிப்பது போல ஒரு சத்தம். ஊருக்குப் போனவன் திரும்பி வரட்டும் என்று விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பவள் பாடுகிற பாட்டு. படம் நன்றாக ஓடியதோ இல்லையோ, பாட்டு ஓடியது. கவரைப்பேட்டை டீக்கடை, பொன்னேரி பஸ் ஸ்டாண்டு, கல்யாண மண்டபம், கோயில் ஒலிபெருக்கி, அதைக் கேட்காமல் ஒரு நாளைக் கடக்க முடியாத வருஷம் அது.

அப்போது அம்மா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். பிளாஸ்டிக் மூடிகளில் கோணல்மாணலாக வந்தவற்றைப் பொறுக்கித் தனியே போடுகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் புடவையில் சூடான பிளாஸ்டிக் வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். இன்றைக்கும் புது வாளியை முகர்ந்து பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு, கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அவர்களை ஏற்றிப் போக காலையில் கம்பெனி வேன் வரும். அதை ஓட்டியவரை நான் டிரைவர் மாமா என்று கூப்பிடுவேன். பழவேற்காட்டுக்காரர், முஸ்லிம். குச்சி போல இருப்பார், ஆனால் சிரித்தால் வேனே குலுங்கும். எங்கள் தெருவில் முதலில் ஏறுகிறவள் அம்மாதான். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தால் டிரைவர் மாமா என்னையும் ஏறச் சொல்லுவார். தெருமுனை டீக்கடைவரை போய் இறங்கிக்கொள்வேன். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் பாட்டில் அந்த விசில் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். சில நாள் வரும். வராத நாளில் அவரே உதட்டைக் குவித்து விசிலடித்துவிட்டு, "இந்தா, வந்துட்ச்சி, எறங்கு" என்பார்.

அம்மாவுக்கு பஸ்ஸோ வேனோ ஏறினால் குமட்டும். அதனால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ஜன்னலோரம் உட்காருவாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்துகொண்டே போவாள். இது எனக்குத் தெரியும். நைனாவுக்கும் தெரியும். (அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) பிறகு ஊரே இதைப்பற்றிப் பேசியபோது எலுமிச்சம்பழம் மட்டும் ஒருவர் நினைவிலும் இல்லை.

மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பியிருந்த ஒரு காலையில் வேன் ஏரிக்கரை வளைவில் சறுக்கி உள்ளே இறங்கிவிட்டது. பெரிய பள்ளமில்லை, ஓரத்தில் முழங்கால் அளவு தண்ணீர்தான். ஆனால் முன்பக்கம் மதகுக் கல்லில் மோதிவிட்டது. டிரைவர் மாமா அங்கேயே இறந்துபோனார். மற்ற பெண்களுக்குக் கை, தலை என்று அடி. அம்மாவுக்கு வலது தொடை எலும்பு முறிந்தது.

பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் ஓடியவர்கள். ஏரிப்பக்கமிருந்து பாட்டுச் சத்தம் வந்ததால், ஏதோ கல்யாண வேன் நிற்கிறது என்று முதலில் நினைத்தார்களாம். கிட்டே போய்ப் பார்த்தால் வேன் ஒருக்களித்துக் கிடக்கிறது, உள்ளே பெண்கள் அலறுகிறார்கள், அதற்கு நடுவில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கேசட் ஒரு பக்கம் முடிந்தால் தானாகவே அடுத்த பக்கம் திரும்புகிற வகை. அந்தப் பாட்டு, அப்புறம் ஒரு குத்துப்பாட்டு, அப்புறம் ஒரு காதல் பாட்டு, சுற்றிச் சுற்றி மறுபடியும் அந்தப் பாட்டு. அதை நிறுத்த வேண்டுமானால் இறந்தவர் மடிமேல் கையை நீட்ட வேண்டும். யாரும் நீட்டவில்லை. நைனா தகவல் கிடைத்து சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோதும் பாடிக்கொண்டுதான் இருந்ததாம். ஒவ்வொரு பெண்ணாக அந்தப் பாட்டோடுதான் வெளியே தூக்கினார்கள்.

அம்மா பெரியாஸ்பத்திரியில் கிடந்து, காலில் கம்பி வைத்து, தாங்கித் தாங்கி நடக்கிறவளாக வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றைக்கே பக்கத்து வீட்டு டிவியில் அந்தப் பாட்டு வந்தது. முனகல் தொடங்கியதும் அம்மா கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். விரலில் ஒட்டியிருந்த சாம்பார் காதோரம் வழிந்தது. நைனா ஓடிப்போய் டிவியை அணைக்கச் சொன்னார். அணைத்தார்கள். ஆனால் எத்தனை வீட்டுக்கு ஓடுவது?

நைனா தன்னால் ஆனதைச் செய்தார். எங்கள் வீட்டில் ஒரு பழைய டேப்ரிக்கார்டர் இருந்தது, மூடி உடைந்து ரப்பர் பேண்டு போட்டது. அதை சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார். கேபிள் கனெக்‌ஷனை வெட்டினார். டீக்கடைக்காரரிடம் காலையில் போய்ச் சொல்லிவைத்தார். "ஊர்ல இருக்கற பாட்டயெல்லாம் நானாய்யா நிறுத்த முடியும், பேஜாரா கீதே" என்று அவர் சலித்துக்கொண்டாலும், நைனா தலை தெரிந்தால் சத்தத்தைக் குறைப்பார். பாட்டை வெளியே போட்டுக் கதவைச் சாத்திவிட்டால் அம்மா தேறிவிடுவாள் என்று நைனா நம்பினார். அம்மா எதைக் கேட்டு அஞ்சுகிறாள் என்று அவர் யோசித்தார். ஏன் என்று யோசிக்கவில்லை.

சத்தமே இல்லாத வீட்டில்தான் அந்தப் பாட்டு அதிகமாகக் கேட்டது. குழாயில் காற்று முட்டிக்கொண்டு தண்ணீர் வரும்போது ஒரு முனகல் வரும், அம்மா சட்டென்று தலையைத் திருப்புவாள். கும்மிடிப்பூண்டி ரயில் தூரத்தில் ஊதினால் விசில் வருகிற இடம் என்று எனக்கே தோன்றும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மா முகத்தைப் பார்ப்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். இருவருக்கும் கேட்டது என்று இருவருக்கும் தெரியும். சொல்லிக்கொள்ள மாட்டோம்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நீங்கள் அந்தப் பாட்டுக்கு ஆடினீர்கள், கையில் விளக்கு வைத்துக்கொண்டு. இரண்டாவது வரிசையில் எனக்கும் ஓர் இடம் இருந்தது. டீச்சரிடம் வரமாட்டேன் என்று சொல்ல மனசில்லாமல் நான் ரகசியமாகப் பழகினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீரோக் கண்ணாடி முன்னால், பாட்டில்லாமல், வாயைக்கூடத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். விளக்கை ஏந்துவது போல இடது கை, வழியைப் பார்ப்பது போல நெற்றியில் வலது கை. கண்ணாடிக்குள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தே அவளுக்குப் பாட்டு கேட்டுவிட்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. கொல்லைக்குப் போய் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள், கட்டிய புடவையோடு. மறுநாள் நான் டீச்சரிடம் வயிற்று வலி என்றேன். விழா அன்றைக்கு நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டதற்கும் அதையே சொன்னேன்.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அம்மா வேண்டிக்கொண்டிருந்ததால் தாங்கித் தாங்கி நடந்து வந்திருந்தாள். பட்டப்பகல், நல்ல கூட்டம். சாமி பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியில் யாரோ இளவட்டங்கள் கேட்டார்கள் போலிருக்கிறது, திடீரென்று அந்த முனகல் தொடங்கியது. கோயில் மரத்தில் கட்டியிருந்த குழாயிலிருந்து அது ஏரியளவுக்குப் பெரிதாக வந்தது. அம்மா கையிலிருந்த கூழ்ச் சொம்பு கீழே விழுந்தது. காலை இழுத்துக்கொண்டே ஓடினாள். சவுண்டு சர்வீஸ்காரரின் மேசையில் இருந்த ஒயரையெல்லாம் கொத்தாகப் பிடித்துப் பிடுங்கினாள்.

பாட்டு நின்றது. கூட்டமும் நின்றது. பிறகு நான்கு பெண்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். பூசாரி வேப்பிலைக் கொத்தோடு வந்தார்.

"யாரு நீ? சொல்லு, யாரு வந்துகீற?" என்று அடித்தார்.

"யாரும் வரல. நான் நாந்தான்."

"இன்னா வோணும் உனுக்கு?"

"அந்தப் பாட்டு வோணாம். அவ்ளோதான்."

கூட்டத்தில் யாரோ சொன்னார்கள், "அந்த வேன் டிரைவருதான் புடிச்சிக்கினு கீறான்." இன்னொரு குரல் அதைவிட மெதுவாகச் சொன்னது, "சும்மாவா புடிப்பான்? தெனம் அவன் பின்னாடியேதான குந்திக்கினு போவா?" சிரிப்பு ஒன்று கேட்டது. நைனா காதில் அது விழுந்ததை நான் பார்த்தேன். அவர் அம்மா பக்கம் போகக் காலை எடுத்துவைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

அடித்த வேப்பிலை என் காலடியில் சிதறிக் கிடந்தது. அவளுக்குக் குமட்டும், அதனால்தான் அங்கே உட்காருவாள் என்று எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. சொல்ல ஆளில்லை. பத்து வயதுப் பெண்ணை யார் கேட்பார்கள்?

அதற்குப் பிறகு வீட்டில் இன்னொரு விதமான அமைதி வந்தது. நைனா சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார். அம்மாவின் காலுக்கு எண்ணெய் தடவிவிடுவதை நிறுத்திவிட்டார். எண்ணெய்க் கிண்ணத்தை என்னிடம் கொடுத்து, "நீ தடவு" என்றார். எனக்கு அழுத்தத் தெரியாது. அம்மா வலியைக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில், டீயைக் குடித்துக்கொண்டே, டம்ளரைப் பார்த்தபடி நைனா கேட்டார். "அந்த ஆளுக்கும் உனுக்கும் இன்னா?"

அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு, "என்னைப் பழவேற்காட்டுக்கு இட்டுக்கினு போ. அவரு ஊட்டுக்கு. அங்க வந்து சொல்றேன்" என்றாள்.

"இங்க சொல்றதுக்கு இன்னா?"

"அவரு பொண்டாட்டிக்குத்தான் மொதல்ல சொல்லணும்."

என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன். பொன்னேரியில் பஸ் மாறினோம். வழியெல்லாம் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. நைனா முன்சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தார். இறங்கியதும் காற்றில் உப்பும் காய்ந்த இறால் வாசனையும் அடித்தன. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்து. வாசலில் சாயம் போட்ட பனையோலைகளை உலர்த்தியிருந்தார்கள், சிவப்பும் ஊதாவுமாக.

டிரைவர் மாமாவின் மனைவி சின்னப் பெண். முக்காடு நழுவ நழுவ இழுத்துவிட்டுக்கொண்டே ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். அம்மா யாரென்று சொன்னதும் எழுந்து பாய் விரித்தாள். நைனா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார், முதுகு எங்கள் பக்கம். அம்மாவால் காலை மடக்க முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றபடியே சொன்னாள்.

"அன்னிக்கி வேன்ல ஒரு பாட்டு ஓடிச்சி. முடிஞ்சிட்ச்சி. எனக்குப் புடிக்கும். இன்னொரு தபா போடுண்ணான்னு நாந்தான் கேட்டேன். 'இரும்மா'ன்னு சிரிச்சிக்கினே குனிஞ்சி பட்டனை அமுக்கினாரு. நிமிரும்போது வளைவு வந்துட்ச்சி." அம்மா மூச்சு வாங்கினாள். "இத நான் யார்கிட்டயும் சொல்லல. போலீஸ்ல கேட்டப்போ தெரியாதுன்னுட்டேன். நான் வாய வச்சிக்கினு சும்மா இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரு."

வாசலில் நைனாவின் முதுகு அசையவில்லை.

அந்த அத்தை முடைந்த ஓலையைக் கையிலேயே வைத்திருந்தாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று நினைத்து நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கேட்டது வேறு.

"இன்னா பாட்டு அது?"

அம்மாவுக்குப் புரியவில்லை.

"அவரு மவுத்தானப்போ பாட்டு ஓடிக்கினு இருந்துச்சின்னு எல்லாரும் சொன்னாங்க. எங்க மாமனாரு, உயிர் போற நேரத்துல கலிமா கேக்கவேண்டிய காதுல சினிமாப் பாட்டு கேட்டுட்டு போய்ட்டானேன்னு அழுதாரு. இன்னா பாட்டுன்னு ஒருத்தரும் சொல்லல. நான் யாரைக் கேக்கறது? எங்க ஊட்ல பாட்டு போட மாட்டாங்க. ஜன்னல்ல எந்தப் பாட்டு வந்தாலும் இதுவா இருக்குமோ, இதுவா இருக்குமோன்னு..." அவள் நிறுத்தினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அசிங்கமான பாட்டாக்கா?" என்றாள்.

"ஐயோ, இல்லம்மா. இல்ல."

"அப்ப பாடுங்க. நான் கேக்கணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிய பாட்டு. உதடு பிரிந்தது, சத்தம் வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி தொடங்கினாள். முதலில் முனகல். அது பாட்டா வலியா என்று தெரியாத மாதிரி இருந்தது. விசில் வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு, வார்த்தைக்கு வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு வார்த்தை விடாமல் பாடினாள். சந்தில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்றதுகூட அவளுக்குத் தெரியாது.

முடிந்ததும் அந்த அத்தை கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தாள்.

"ஊட்டுக்கு வர்ற வழியப் பாத்துக்கினு இருக்கற பாட்டு" என்றாள்.

"ஆமாம்மா."

"நல்ல பாட்டுதான். எங்க மாமனார்கிட்ட சொல்லணும்." பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பாட்டு போடச் சொன்னதுக்குப் பரவால்லன்னு சொல்ல எனக்கு வாய் வரலக்கா. என்னால முடியல. ஆனா நீங்க வராம இருந்திருந்தா இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்."

அம்மா தலையை ஆட்டினாள். மன்னிப்பு கேட்க வந்தவள் அதை வாயைத் திறந்து கேட்கவும் இல்லை.

அந்த அத்தை எழுந்து உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மாவின் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்து, வலது காலை மெதுவாகத் தூக்கி, தான் முடைந்துகொண்டிருந்த ஓலைக்கட்டின் மேல் நீட்டி வைத்தாள். "இவ்ளோ நேரம் நின்னுக்கினே இருந்தீங்களே. வலிக்கலியா?" என்று கேட்டாள்.

வேன் கவிழ்ந்த நாளிலிருந்து அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது நைனா அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். தன் துணிப்பையைச் சுருட்டி அவள் காலுக்கு அடியில் வைத்தார். பஸ் பொன்னேரியைத் தொடும்போது, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "நீ கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லியே" என்றாள். ஊர்ப் பேச்சு உடனே நின்றுவிடவில்லை. அடுத்த ஆடிவரைக்கும் ஓடியது, பிறகு வேறு யாருடைய வீடோ கிடைத்ததும் எங்களை விட்டது. அம்மா மறுபடி வேலைக்குப் போனாள், பஸ்ஸில், வேறு கம்பெனிக்கு. எண்ணெய்க் கிண்ணம் நைனா கைக்குத் திரும்பிப் போனது. அவர் கண்ணை மூடும்வரைக்கும் அவர்தான் தடவினார்.

அன்று பழவேற்காட்டில் நாங்கள் கிளம்பும்போது அந்த அத்தை வாசல்வரை வந்து என் தலையைத் தடவினாள். "ஒங்கம்மா ஊட்லயும் இப்பிடித்தான் பாடுவாங்களா?" என்று கேட்டாள். நான் எனக்குத் தெரியாது என்றேன். உண்மைதான். அதற்கு முன்னால் அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. அவளுக்குள் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று நைனாவுக்குமே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் கேட்டதில்லை. அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். டிவியில் பழைய பாட்டுகள் போடுகிறார்கள், இதுவும் வருகிறது. காதைப் பொத்துவதில்லை, எழுந்து போவதும் இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை எனக்காகப் பாடேன் என்று நாக்கு நுனிவரைக்கும் வரும். கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.